தலைகீழாக மாட்டிய தகடு

ஆயிரப்பேரி
24.8.2025

மாப்பிள்ளை சுடலைமுத்துவுக்கு, செல்லச்சாமி எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் பள்ளத்தைக் கண்ட ஆட்டுக்குட்டி மாதிரி கீழே இறங்கி ஓடுகின்றன. 'ழ' போடும்போது விரல் வலிக்கிறது. உன் பெயரிலும் உன் ஊர் பெயரிலும் 'ழ' இல்லாதது எனக்கு நல்லதாகப் போயிற்று.

யாரையும் வைத்து எழுதவில்லை. நானேதான் எழுதுகிறேன். பங்குனி மாதத்திலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பதினேழு பேர் படிக்கிறோம். பதினாறு பேர் பெண்கள், மிச்சம் நான். உன் அக்கா வள்ளித்தாயும் நானும் ஒரே பெஞ்சு. அவள் என் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, நான்தான் அவளைப் பார்த்து எழுதுவதாக டீச்சரிடம் சொல்லிக்கொடுக்கிறாள். எழுபத்தொரு வயதில் இந்த அநியாயத்தை யாரிடம் சொல்ல?

போனில் பேசலாமே என்று நீ நினைக்கலாம். உனக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் யார் என்ன சொன்னாலும் 'சரி, சரி' என்று வைத்துவிடுகிறாய் என்று அக்கா சொன்னாள். அதோடு நீயும் நானும் பேசி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வாயைத் திறந்தால் சண்டையில்தான் தொடங்கும். எழுதினால் மெதுவாகத்தான் வரும். ஒரு வரி முடிவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி ஆனந்தவள்ளி டிரெயில் பைக் வைத்திருக்கிறாள். உயரமான வண்டி, டயரில் பல் பல்லாக இருக்கும். ஓடை, பாறை, குளத்தங்கரை எல்லாம் ஏறி இறங்கும். வருகிற அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முப்பது வண்டிகளுக்கு மேல் சேர்த்து இங்கே ஒரு ஓட்டம் நடத்தப்போகிறாள். வனத்துறைக் காட்டுக்குள் ஒரு சக்கரமும் போகாது. மாந்தோப்புகள், குளத்தங்கரை, பழைய கல்குவாரிப் பாதை, நடுவே மூன்று கிலோமீட்டர் தார் ரோடு. ஒரு வருஷமாக அதற்காகத்தான் அலைகிறாள். இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு கண்டிப்பு: நம்பர் தெரியாத ஒரு வண்டி ரோட்டில் ஏறினாலும் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாராம்.

இங்கேதான் சிக்கல். கல் பட்டு உடையும் என்று நம்பர் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுவது இவர்களுக்குப் பழக்கம். அதனால் தோப்பு வாசலில் ஒரு ஆள் நின்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து விட வேண்டும். நான் நிற்கிறேன் என்றேன்.

"தாத்தா, உங்களுக்கு எழுத்து தெரிஞ்சு அஞ்சு மாசந்தான் ஆவுது" என்கிறாள்.

"ஏட்டி, முப்பது வருசம் பழைய குத்தாலம் கார் ஸ்டாண்டுல நின்னவன் நான்" என்றேன்.

அந்த முப்பது வருஷமும் நான் ஒரு நம்பரைக்கூடப் படித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நிறம், நசுங்கல், கண்ணாடியில் தொங்குகிற பொம்மை, இவற்றை வைத்தே வண்டிகளை அடையாளம் கண்டேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

நீ போலீஸில் இருந்தவன். சட்டப்படி தகடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். இந்தக் கடிதம் எழுத நான்கு நாள் ஆயிற்று. படித்துவிட்டுக் கிழித்துவிடாதே.

செல்லச்சாமி


ராயகிரி
31.8.2025

பார்வை: தங்கள் 24.8.2025 தேதியிட்ட கடிதம்.

அத்தானுக்கு, சுடலைமுத்து வணக்கம்.

கடிதம் கிடைத்தது. யாரோ எழுதிக்கொடுத்ததாக முதலில் நினைத்தேன். அந்த 'ழ'வைப் பார்த்த பிறகு நம்பினேன்.

கேட்ட விவரத்தை மட்டும் எழுதுகிறேன்.

தகடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். சொந்த வண்டிக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. ஆங்கில எழுத்தும் சாதாரண எண்களும்தான். வளைத்து நெளித்து எழுதுவது, சாமி படம், அப்பா பெயர், சாதிப் பெயர் எதுவும் தகட்டில் கூடாது. இப்போது வருகிற புது வண்டிகளுக்குக் கம்பெனித் தகடு. இடது மேல் மூலையில் அசோகச் சக்கர முத்திரை பளபளக்கும், அதே பக்கம் கீழே சின்னதாக ஒரு வரிசை எண் பொறித்திருக்கும். அதை ஆணி மாதிரி ஒரு பூட்டால் மாட்டுவார்கள். கழற்றினால் பூட்டு உடைந்துபோகும், திரும்ப மாட்ட முடியாது. கழற்றிப் பையில் போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தகடு உடைந்தால் புதுசுக்கு எழுதிப் போட்டு வாங்க வேண்டும். அட்டையில் எழுதிக் கட்டிக்கொண்டு வரக்கூடாது.

டிரெயில் பைக்கில் மட்கார்டு ஆடும், தகடும் சேர்ந்து ஆடி விரிசல் விடும். பின்னால் ஒரு பட்டை இரும்பு வைத்து, நடுவில் ரப்பர் வாஷர் கொடுத்தால் தாங்கும். பின் தகட்டுக்கு மேலே வெளிச்சம் எரிய வேண்டும். தகட்டைப் படுக்கவைத்து மட்கார்டுக்கு அடியில் ஒளிப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் தந்திரம். நின்று பார்த்தால் தெரிய வேண்டும், குனிந்து பார்த்தால் தெரிவது கணக்கில்லை.

இன்னொன்று. இந்த மாதிரி ஓட்டங்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரிசை எண் லேபிள் ஒட்டுவார்கள். இடம் கிடைக்கவில்லை என்று அதை நம்பர் தகட்டின் மேலேயே ஒட்டுவார்கள். விடாதீர்கள். கூட வருகிற ஜீப்புக்குக் கண்ணாடியின் உள்பக்கம் பதிவு எண் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பைக்குக்கு அது கிடையாது.

மற்ற விஷயங்கள் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

சுடலைமுத்து, எஸ்.எஸ்.ஐ. (ஓய்வு)


ஆயிரப்பேரி
9.9.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். எழுத்துக் கூட்டி, ஒரு முழுக் காலைப்பொழுது. உன் அக்கா நடுவில் வந்து 'என்ன எழுதியிருக்கான், நல்லா இருக்கானா' என்று கேட்டாள். 'மட்கார்டு வரைக்கும் வந்திருக்கேன், பொறு' என்றேன். கடைசிவரை படித்தும் நீ நல்லா இருக்கிறாயா என்பது தெரியவில்லை.

வகுப்பில் தமிழ்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கில எழுத்தை நான் கார் ஸ்டாண்டில் படிக்கிறேன். தினமும் காலையில் பழைய குற்றாலம் போய், நிற்கிற வண்டிகளின் வரிசையில் நடக்கிறேன். இப்போது அங்கே வேலை பார்க்கிற துல்கர்னைன் முதல் நாள் கேட்டான்:

"என்ன அண்ணாச்சி, மறுபடி வேலைக்கு வாரீரா?"

"படிக்க வந்திருக்கேன்லே."

"இங்கனயா? பாஸ் பண்ணுனா சொல்லும், அல்வா வாங்கித் தாரேன்."

எனக்குப் பாடப்புத்தகம் அந்த வண்டிகள்தான். டி, என் இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன, எங்கே பார்த்தாலும் அவைதானே. புளியறை வழியாக வருகிற கேரள வண்டிகளிடமிருந்து கே, எல் படித்தேன். கர்நாடக வண்டி ஒன்று மழைக்காக இரண்டு நாள் நின்றது, அதில் ஏ கிடைத்தது. டபிள்யூ கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. கிடைத்தபோது அந்தக் காரின் சொந்தக்காரர் குளித்துவிட்டு வந்து, 'என்ன பெரியவரே, வண்டியையே பார்க்கிறீங்க' என்றார். 'உங்க எழுத்து ரொம்ப அழகு சார்' என்றேன். பயந்துபோய் வண்டியை எடுத்துவிட்டார்.

போன ஞாயிறு ஆனந்தியின் வண்டியை முதலில் சோதித்தேன். தகடு மட்கார்டுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தது. நீ எழுதிய அதே தந்திரம்.

"ஃபெயில்" என்றேன்.

"தாத்தா, இது என் வண்டி!"

"அதான் முதல்ல பாத்தேன்."

அன்றைக்கு இரவு என்னோடு பேசாமலே நான்கு இட்லி தின்றாள். மறுநாள் பட்டறைக்குப் போய், பட்டை இரும்பும் ரப்பர் வாஷரும் வைத்துத் தகட்டை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வரிசை எண் லேபிளை முன் தகட்டில் ஒட்டத்தான் அச்சடித்திருந்தாளாம். இப்போது விளக்குக்கு மேலே போகிறது. அதற்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் நோட்டை மூடி வைத்திருந்தேன்.

நாம் பேச்சை விட்ட அந்த வருஷம் என் டி.வி.எஸ். வண்டியின் தகடு துருப்பிடித்ததால் புதிதாக எழுதக் கொடுத்தேன். வாங்கிவந்து நானே திருகி மாட்டினேன். மூன்று நாள் ஓட்டினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் அருவி ரோட்டில் நீ நிறுத்தினாய். சீசன் கூட்டம். 'அத்தான், உம்ம நம்பரை நீரே படியும், கேப்போம்' என்றாய். நான் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'தலைகீழா மாட்டியிருக்கீரு, தலைகீழா நின்னு படிக்கேரா?' என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சுண்டல் விற்கிறவன்கூடச் சிரித்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டாய்.

இதை உன்னிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் இருந்தது, வரவில்லை. இப்போது கை வந்திருக்கிறது.

செல்லச்சாமி


ராயகிரி
17.9.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லா இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் உண்டு. காது அக்கா சொன்ன மாதிரிதான். போன தடவை இதை எழுதாமல் விட்டது தப்பு.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் மனைவி 'யார் போட்டது' என்று கேட்டாள். 'மேலதிகாரி' என்றேன்.

அன்றைக்கு நான் ஹெட் கான்ஸ்டபிள் ஆகி இரண்டு மாதம். பக்கத்தில் புது எஸ்.ஐ. நின்றிருந்தார். சொந்தக்காரர் என்று விட்டுவிட்டேன் என அவர் நினைத்துவிடுவாரோ என்று பயம். கண்டிப்பான ஆள் என்று காட்ட ஆசை. எஸ்.ஐ. சிரித்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வந்து இரண்டாவது வார்த்தையையும் சொன்னேன். அது டியூட்டி என்றுதான் இத்தனை வருஷமும் வீட்டில் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். வண்டியை நிறுத்தியது டியூட்டி. படிக்கச் சொன்னது டியூட்டி இல்லை.

என் மகன் இசக்கிமணி கல்யாணத்துக்கு அக்கா மட்டும் வந்தபோது, தாய்மாமனுக்குச் செய்ய வேண்டியதைவிட அத்தானுக்குச் செய்ய வேண்டியது நின்றுபோயிற்றே என்று மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் தேதி அக்கா வரச்சொல்கிறாள். வரலாமா என்று தெரியவில்லை. அதே ரோடு, அதே அருவி. உங்கள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். வாசலில் நிற்கும்போது சொந்தக்காரர், தெரிந்தவர், பெரிய மனிதர் என்று ஒருவரையும் பார்க்காமல் விடாதீர்கள். ஒன்றை விட்டால் பின்னால் வருகிற பத்துப் பேரும் அதையே காட்டுவார்கள். நானே வந்தாலும் நிறுத்திப் பார்த்துத்தான் விட வேண்டும்.

மழையில் ரோட்டுக்கு ஏறும்போது தகட்டில் சேறு அப்பிவிடும். அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

சுடலைமுத்து


ஆயிரப்பேரி
25.9.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேலதிகாரி உத்தரவு: வா.

சேற்றுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. தோப்புப் பாதை முடிந்து ரோட்டில் ஏறுகிற இடத்தில் உன் அக்கா ஒரு அண்டா தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டு நிற்பாள். என் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் கூட இருப்பார்கள். ஒவ்வொரு வண்டியும் நின்று, முன்னும் பின்னும் தகட்டைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் ரோட்டைத் தொடும். அவர்கள் துடைப்பதோடு விடமாட்டார்கள், படித்தும் பார்ப்பார்கள். டீச்சர் இதை வீட்டுப்பாடம் என்று சொல்லிவிட்டார்.

எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாய். கையோடு இருக்கிறதைக் கொண்டு வா. எனக்கும் பழைய முகம்தான்.

செல்லச்சாமி


ராயகிரி
7.10.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று முன்தினம் அங்கே பேச எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் பார்த்து நானும் எழுதுகிறேன்.

விடியுமுன்னே என் புது ஸ்கூட்டரில் கிளம்பினேன். இசக்கிமணி எனக்கென்று வாங்கிக்கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தென்காசி தாண்டும்போது சாரல். தோப்பு வாசலில் இருபது வண்டிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. மாமரத்தடியில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் விசில், தோளில் துண்டு, மூக்குக் கண்ணாடியோடு நீங்கள் நின்றீர்கள். நான் மாப்பிள்ளை முறுக்கில் வரிசையை ஒதுக்கிவிட்டு நேரே உள்ளே விட்டேன்.

விசில் ஊதினீர்கள். எனக்கே கேட்டது.

இருபத்திரண்டு வருஷம் கழித்து நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "நில்லு!"

நின்றேன். முன்னால் பார்த்தீர்கள், பின்னால் போனீர்கள், மறுபடி முன்னால் வந்தீர்கள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. புதன்கிழமை ஆயுத பூஜைக்கு நானே என் கையால் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பின் தகடு முழுக்கப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். முன்னால் கட்டின வாழைக்கன்றும் மாலையும் அப்படியே கிடந்தன. நாற்பது வருஷம் ஊரார் தகட்டைப் பார்த்தவன், சொந்த வண்டியில் ஒரு எழுத்துத் தெரியாமல் ஐம்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். சாமி காரியம் என்றால் அது மறைப்பதாகவே மனசுக்குப் படுவதில்லை.

வரிசையில் நின்ற ஒரு பையன், "தாத்தா, இவரு நம்பரு சாமிக்கு மட்டுந்தான் தெரியும் போல" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நம்பரைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. புது வண்டி, நினைவில் இல்லை. இப்போது கேட்கப்போகிறீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டால் தப்பே இல்லை.

நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பையனைப் பார்த்து, "ஏலே, சாமி கும்பிட்ட வண்டிலே இது. உன் வண்டில பொட்டுகூட இல்ல. பேசாம நில்லு" என்றீர்கள். துண்டை வாய்க்காலில் நனைத்து வந்து குத்தவைத்து உட்கார்ந்தீர்கள். சந்தனம் சிமெண்டு மாதிரி காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினீர்கள். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வர வர, சத்தமாகப் படித்தீர்கள். "டி... என்... ஏழு... ஒம்பது..." கடைசி எண் வரைக்கும். பிறகு வாழைக்கன்றை அவிழ்த்து, கீழே போடாமல் என் கையில் கொடுத்து, முன் தகட்டையும் படித்து முடித்து, "ரெண்டும் ஒண்ணுதான். பாஸ். உள்ள போ மாப்ளே" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் எங்கே போனேன் என்று தேடினீர்களாம். அக்காவின் அண்டாவிடம்தான் இருந்தேன். முப்பத்துநான்கு வண்டி, அறுபத்தெட்டுத் தகடு. கல்யாண மாப்பிள்ளைக்குக் கால் கழுவுகிற மாதிரி, அக்கா தண்ணீர் ஊற்ற நான் துடைத்தேன். உங்கள் வகுப்புப் பெண்கள் ஒவ்வொன்றையும் படிக்காமல் விடவில்லை. ஓட்டுகிற பிள்ளைகள் அவசரப்பட்டால், 'இருப்பா, இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு' என்கிறார்கள்.

ஆனந்தி கடைசி வண்டியாக வந்து இறங்கியபோது இன்ஸ்பெக்டர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், வாசலில் இருந்தீர்கள். "அடுத்த வருசமும் நடத்தும்மா. ஆனா கேட்டுல இதே ஆளுதான் நிக்கணும்" என்றார்.

அத்தான், அன்றைக்கு நான் உங்களைப் படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை என்னை ஏன் கேட்கவில்லை?

சுடலைமுத்து


ஆயிரப்பேரி
12.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன். கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சிரிக்க ஆட்களும் தயாராக இருந்தார்கள். நீ தலையைக் குனிந்ததும் பார்த்தேன்.

ஆனால் ஒன்று யோசித்தேன். தனக்குப் படிக்கத் தெரியாவிட்டால்தானே அடுத்தவனைப் படிக்கச் சொல்ல வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே. ஏழு மாதம் படித்துவிட்டு, அவ்வளவு நல்ல நம்பரை உன் வாய்க்கு விட்டுக்கொடுப்பேனா? சந்தனத்துக்கு அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் உனக்குத் தெரியாது. நீ சின்ன வயதிலேயே படித்துவிட்டாய், பாவம்.

ஆனந்தி நான்கு நாளாகத் தூங்கி எழுந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அந்த விசிலை என்னிடமே கொடுத்துவிட்டாள். துல்கர்னைன் சொன்னபடி அல்வா வாங்கிவந்தான். உனக்குச் சர்க்கரை என்பதால் உன் பங்கையும் நானே தின்றேன். உன் அக்கா வகுப்பில் எல்லாரிடமும், அறுபத்தெட்டுத் தகட்டையும் தானே படித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ சாட்சி சொல்ல வேண்டும்.

நேற்று பரணில் ஏறி அந்தப் பழைய டி.வி.எஸ். தகட்டை எடுத்தேன். வண்டி போய்விட்டது, தகட்டை மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்தேன். உன் மேல் இருந்த கோபம் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. மடியில் வைத்துப் படித்தேன். என் வண்டியின் நம்பர் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. திருப்பி வைத்தும் படித்துப் பார்த்தேன். அந்தப் பக்கமிருந்தும் வருகிறது. இனி நீ தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்தாலும் என்னிடம் தப்ப முடியாது.

வருகிற ஞாயிறு தீபாவளிக்கு முந்தின நாள். வீடு முழுக்க முறுக்கு சுடுவார்கள், என்னை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். தபாலாபீஸில் ஆறு இன்லேண்டு லெட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். காலையிலேயே உட்கார்ந்து உனக்கு ஒன்று எழுதப்போகிறேன், எதைப் பற்றி என்று இன்னும் தெரியாது.

உன் அத்தான்
செல்லச்சாமி